ஒன்ராறியோவில் நல்ல ட்ரௌட் நாள்கள்: போவதற்குள் முழுதாகப் பயன்படுத்துவது எப்படி

ஒன்ராறியோவின் தென்பகுதியில் ட்ரௌட் பிடிக்கச் சட்டப்படி ஐந்து மாதத்துக்கும் மேல் இருக்கிறது. ஏப்ரல் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை பருவம் திறக்கும். பெரும்பாலான ஆறுகளில் செப்டம்பர் 30ஆம் தேதி மூடிவிடும். ஆனால் மீன் உண்மையிலேயே இரை தேடி அலையும் காலம் அதில் ஒரு சிறு பகுதிதான். பொதுவாக மே மாதம் தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொள்ளலாம். வசந்தம் தாமதமானால் தள்ளிப்போகும், வெயில் சீக்கிரம் ஏறினால் சீக்கிரமே முடிந்துவிடும். அந்தச் சில வாரங்களிலும் மழையும் வெள்ளமும் பாதியைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பவைதான் நல்ல நாள்கள்.

ஏரிக்கரையிலும் பாலங்களிலும் பேர்ச், பாஸ் என்று பிடித்துப் பழகிய நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆற்றில் இறங்கி ட்ரௌட் பிடித்தவர்கள் குறைவு. ‘அது கஷ்டம்’ என்று கேள்விப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். சரியான நாளில் போனால் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. நாளைச் சரியாகத் தெரிவு செய்வதும், அந்த நாள் வரும்போது கையில் எல்லாம் தயாராக இருப்பதும்தான் இதில் முக்கால்வாசி வேலை.

ஏன் இவ்வளவு குறுகிய காலம்?

ட்ரௌட் குளிர்நீர் மீன். தண்ணீர் ஐந்து, ஆறு டிகிரியில் இருக்கும்போது அதன் செரிமானமே மெதுவாகத்தான் நடக்கும். அடியில் ஒதுங்கிக் கிடந்து, வாய்க்கு நேரே வருவதை மட்டும் எடுக்கும். 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆறே மாறிவிடுகிறது. அடிக்கற்களில் ஒட்டி வளர்ந்த பூச்சிகள் மேலே கிளம்பத் தொடங்கும், மீனுக்கும் பசி எடுக்கும். 10 முதல் 16 டிகிரி வரை நமக்கு நல்ல நேரம். 18ஐத் தொட்டால் கவனம். 20க்கு மேல் போனால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும்.

இந்த 20 டிகிரிக் கணக்கு வெறும் சம்பிரதாயம் இல்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 10 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 20 டிகிரியில் அது 9 ஆகிவிடும். அதே வேளை, சூட்டில் மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. அந்த நிலையில் தூண்டிலில் மாட்டிப் போராடிய மீனை நீங்கள் எவ்வளவு பக்குவமாக விட்டாலும், நீந்திப் போன பிறகு அது செத்துவிடக்கூடும். நமக்குத் தெரியக்கூட வராது. அதனால் ஒரு தண்ணீர் வெப்பமானி வாங்குங்கள். தூண்டில் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. நூலில் கட்டி, நிழல் விழும் ஓட்டத்தில் ஒரு நிமிடம் தொங்கவிட்டுப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் சாமான்களில் ஒன்றை மட்டும் வாங்குவதாக இருந்தால் இதை வாங்குங்கள்.

எந்த ஆற்றுக்குப் போவது?

இங்கே மூன்று வகை ட்ரௌட் கிடைக்கும். புரூக் ட்ரௌட் இந்த மண்ணுக்கே உரியது. மூன்றிலும் அதிகக் குளிரை விரும்புவது அதுதான். பிரௌன் ட்ரௌட் ஐரோப்பாவிலிருந்தும், ரெயின்போ ட்ரௌட் வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்டவை.

முதல் தடவை ஆற்றுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கிராண்ட் ஆற்றில் ஃபெர்கஸ், எலோரா ஊர்களைச் சுற்றியுள்ள பகுதி. ஸ்காபரோவிலிருந்து காரில் ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம் எடுக்கும். ஃபெர்கஸுக்கு மேலே 1942இல் கட்டி முடித்த ஷாண்ட் அணை இருக்கிறது. அதன் பின்னால் தேங்கி நிற்பது பெல்வுட் ஏரி. வெயில் காலத்தில் ஏரியின் மேல்நீர் சூடாகும், அடிநீர் குளிர்ந்தே இருக்கும். அணை அந்த அடிநீரைத் திறந்துவிடுவதால், சாதாரணமாகக் கோடையில் சூடேறியிருக்கக்கூடிய ஒரு நதி, அணைக்குக் கீழே பல கிலோமீட்டர் தூரம் ட்ரௌட் வாழும் ஆறாக மாறிவிட்டது. ஆண்டுதோறும் பிரௌன் ட்ரௌட் குஞ்சுகளை விடுகிறார்கள். ஆறு அகலம், கரையில் மரக்கிளைகள் இடைஞ்சல் அதிகமில்லை, இறங்கி நிற்கத் தோதான ஆழம். புதியவர் கை பழக இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை என்பது என் கருத்து.

ஒரு முக்கிய விஷயம்: இந்த ஆற்றில் சில பகுதிகளில் தனி விதிகள் உண்டு. பிடித்த ட்ரௌட்டை உயிரோடு விட்டுவிட வேண்டும், மண்புழு கூடாது, பின்கூர் (முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்) இல்லாத ஒற்றை முள் கொண்ட செயற்கை இரை மட்டும்தான். எங்கிருந்து எதுவரை என்பதை மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் மீன்பிடி விதித்தொகுப்பில் பார்த்துக்கொண்டு போங்கள். ஆற்றங்கரையிலும் பலகைகள் வைத்திருப்பார்கள். கலிடன் பக்கம் ஓடும் கிரெடிட் ஆற்றின் மேற்பகுதியிலும் இப்படித் தனி விதிகள் உண்டு. கிரெடிட் அழகான ஆறு, புரூக் ட்ரௌட்டும் இருக்கிறது. ஆனால் குறுகலானது, செடிகொடி நெருக்கம். தூண்டில் வீச்சு கைக்கு வந்த பிறகு போகலாம்.

பிள்ளைகளோடு போய், பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்க வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி. மாகாண அரசின் ‘ஃபிஷ் ஆன்-லைன்’ என்ற இணைய வரைபடத்தில், எந்தக் குளத்தில், எந்த ஏரியில், எந்த மீனை எந்த ஆண்டு விட்டார்கள் என்று பார்க்கலாம். ரெயின்போ விட்ட ஒரு சின்னக் குளத்தைத் தெரிவு செய்தால் பிள்ளைகளுக்கும் சலிப்பு வராது. எத்தனை மீன் எடுக்கலாம் என்பது உரிம வகைக்கும் மீன் இனத்துக்கும் ஏற்ப மாறும். ‘ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டி’ என்று அரசே ஒன்று வைத்திருக்கிறது. எந்த நீர்நிலையின் மீனை மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று அதில் இருக்கும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் உள்ள வீடுகளில் அதைப் பார்க்காமல் சமைக்க வேண்டாம்.

பனி இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

நல்ல நாள் வந்த பிறகு உரிமம் எடுக்கவும் கடைக்கு ஓடவும் தொடங்கினால், நீங்கள் திரும்பி வருவதற்குள் ஆறு கலங்கிவிடும். மார்ச்சிலேயே முடித்து வையுங்கள்.

முதலில் உரிமம். 18 வயது முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோவாசிகளுக்கு ‘அவுட்டோர்ஸ் கார்ட்’டும் மீன்பிடி உரிமமும் வேண்டும். கார்டு மூன்று ஆண்டுக்குச் செல்லும். உரிமத்தில் ‘ஸ்போர்ட்’, ‘கன்சர்வேஷன்’ என இரண்டு வகை. இரண்டாவதில் கட்டணம் குறைவு, எடுக்கக்கூடிய மீனின் எண்ணிக்கையும் குறைவு. பிடித்து விடுவதாக இருந்தால் அதுவே போதும். 18க்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், 65க்கு மேற்பட்ட அப்பா அம்மாவுக்கும் உரிமம் வாங்கத் தேவையில்லை. பிறந்த தேதி உள்ள அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கனடாவுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர்கள் கவனியுங்கள்: ஒன்ராறியோவாசி என்ற கணக்கில் வர, இங்கே தொடர்ந்து ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வகை உரிமம் எடுக்க வேண்டும். அன்னையர் தினம், தந்தையர் தினம் வரும் வார இறுதிகளில் கனடாவாசிகள் உரிமமில்லாமலே மீன் பிடிக்க அரசு அனுமதிக்கிறது. இரண்டுமே நம் நல்ல காலத்தை ஒட்டியே வருகின்றன. ‘எனக்கு இது சரிவருமா’ என்று யோசிக்கிற நண்பரை அன்றைக்குக் கூட்டிப் போகலாம்.

அப்புறம் சாமான்கள். புதியவருக்கு ஃப்ளை தூண்டில் (பூச்சி போலக் கட்டிய ‘ஃப்ளை’ என்ற இரையை வீசும் தூண்டில்) கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆறு அடி நீளமுள்ள மெல்லிய ஸ்பின்னிங் தூண்டில், சின்ன ரீல், நாலு அல்லது ஆறு பவுண்டு இழுவை தாங்கும் தங்கூசி (நைலான் நூல்), இரண்டு மூன்று சின்ன ஸ்பின்னர்கள் (இழுக்கும்போது தகடு சுழலும் செயற்கை இரை) போதும். மெப்ஸ் போன்ற ஸ்பின்னர்களில் 0, 1 என்ற அளவுகளைக் கேளுங்கள். கடையில் வாங்கும்போது அதில் மூன்று முள் சேர்ந்த கொக்கி இருக்கும். தனி விதிப் பகுதிக்குப் போவதென்றால் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் அந்தப் பின்கூரைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். ஒரு பஞ்சுத் துண்டில் முள்ளைக் குத்தி இழுத்துப் பாருங்கள். நார் சிக்காமல் வந்தால் சரி.

இவற்றோடு ரப்பர் வலை போட்ட கைவலை, நீளமூக்குக் குறடு, பொலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். தண்ணீரின் மேல்பளபளப்பை அது நீக்கிவிடும், கல்லும் பள்ளமும் தெரியும், சிலவேளை மீனே தெரியும். இடுப்பளவு அல்லது மார்பளவு வேடர்ஸ் (தண்ணீர் புகாத காற்சட்டை) இருந்தால் நல்லது. மே மாதத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும்.

மூன்று எண்களைப் பாருங்கள்

வியாழக்கிழமை இரவே சனிக்கிழமையைத் தீர்மானிக்கப் பழகுங்கள். கிராண்ட் ரிவர் கன்சர்வேஷன் அத்தாரிட்டி தன் இணையதளத்தில் ஆற்றின் நீரோட்ட அளவை வெளியிடுகிறது. சில அளவை நிலையங்களில் தண்ணீரின் வெப்பமும் கிடைக்கும். மற்ற ஆறுகளுக்குக் கனடா அரசின் நீரளவைத் தளத்தைப் பார்க்கலாம். நீரோட்டம் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரைபடமாக இருக்கும்.

எண்ணைவிட அந்தக் கோட்டின் போக்கு முக்கியம். கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தால் ஆறு கலங்கி வருகிறது, போக வேண்டாம். உச்சியைத் தொட்டு இரண்டாம் நாள், மூன்றாம் நாளாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் அதுதான் நாம் காத்திருந்தது. வெள்ளத்தில் புழுவும் பூச்சியும் அடித்து வரப்பட்டிருக்கும். தண்ணீர் இன்னும் லேசான கலங்கலோடு இருப்பதால் மீனுக்கு நம் நிழல் அவ்வளவாகத் தெரியாது, அதற்குப் பயமும் குறைவு. முழங்கால் ஆழத்தில் உங்கள் காலணி தெரிகிறதா என்று பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் அருமை. தெரியவே இல்லையென்றால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

எலோராவில் இர்வின் என்ற சிற்றாறு கிராண்டோடு கலக்கிறது. மழைக்குப் பிறகு அது சேற்றை இழுத்து வந்து கொட்டும். எனவே எலோராவுக்குக் கீழே ஆறு காப்பி நிறத்தில் ஓடினால் உடனே வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். மேலே ஃபெர்கஸ் பக்கம் போய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அங்கே தெளிவாக இருக்கலாம்.

இரண்டாவது எண் தண்ணீரின் வெப்பம், அதை ஏற்கெனவே சொன்னேன். மூன்றாவது வானிலை. நம்மில் பலர் நீல வானமும் வெயிலும் உள்ள நாளைத் தேடிப் போகிறோம், சுற்றுலாவுக்கு அது சரிதான். ட்ரௌட்டுக்கு மேகம் மூடிய, லேசான தூறல் விழும் நாள்தான் பிடிக்கும். வெளிச்சம் மங்கியிருந்தால் அது மறைவை விட்டு வெளியே வந்து மேயும். மேலே வந்த பூச்சிகளும் சிறகு காயாமல் தண்ணீரிலேயே அதிக நேரம் மிதக்கும். மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நாளின் எந்த நேரத்தில்?

நம்மவர்கள் மீன்பிடி என்றதுமே விடிகாலை நாலு மணிக்கு எழும்பிவிடுகிறார்கள். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் பாதியிலும் அது வீண். இரவுக் குளிரில் தண்ணீர் சில்லிட்டிருக்கும், மீன் அசையாது. சாவகாசமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போகலாம். முற்பகல் பதினோரு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரைதான் பலன். மே கடைசியில் மாலை நேரம் சூடுபிடிக்கத் தொடங்கும். ஜூனில் பொழுது சாயும் கடைசி இரண்டு மணிநேரம் பகல் முழுவதற்கும் சமம். வெயில் இன்னும் ஏறிவிட்டால் அப்போதுதான் விடிகாலை. ஏனென்றால் இரவு முழுக்க ஆறிய தண்ணீர் அப்போதுதான் ஆகக் குளிர்ந்திருக்கும்.

ஆற்றைப் படிப்பது

ஆற்றங்கரைக்குப் போனதும் இறங்கிவிடாதீர்கள். கரையில் பத்து நிமிடம் நில்லுங்கள். எல்லாம் ஒரே தண்ணீராகத் தெரிவது முதல் சில நிமிடங்களுக்குத்தான். பிறகு ஓட்டங்கள் பிரிந்து தெரியத் தொடங்கும்.

ட்ரௌட்டுக்கு மூன்று தேவை: ஒதுங்க இடம், அதிகம் நீந்தாமல் நிற்க மெதுவான நீர், கைக்கெட்டும் தூரத்தில் இரையைச் சுமந்து வரும் வேகமான நீர். ஆகவே வேக நீரும் மெதுநீரும் உரசிக்கொள்ளும் கோட்டைத் தேடுங்கள். அந்தக் கோட்டில் நுரைத்துளிகள் வரிசையாக மிதந்து வரும். நுரை வரும் வழியில்தான் இரையும் வரும். மீன் கோட்டுக்கு இந்தப் பக்கம் மெதுநீரில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் எட்டி எடுத்துவிட்டு மறுபடி திரும்பிவிடும். பெரிய கல்லின் பின்புறம் மட்டுமல்ல, கல்லுக்கு முன்புறமும் நீர் மோதித் தணியும் இடத்தில் மீன் நிற்கும். புதியவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். ஆழமில்லாமல் சலசலத்து ஓடும் தண்ணீர் மடுவில் போய் விழும் தலைப்பகுதி, கரையை அரித்து உள்ளே குடைந்திருக்கும் இடம், சாய்ந்த மரத்தின் நிழல் எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். மடுவின் நடு ஆழத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மீன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து நிற்கும். எனவே நீங்கள் கீழேயிருந்து மேல்நோக்கி நடந்தால் அதன் முதுகுப் பக்கமாகப் போகிறீர்கள். மெதுவாக, கல் உருளாமல், நிழல் முன்னால் விழாமல் போங்கள். மக்கள் இறங்கி நிற்கும் ஆழத்தில்தான் பலநேரம் மீன் நின்றிருக்கும். ஆகவே முதல் வீச்சைக் கரையிலிருந்தே, காலடிக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

ஸ்பின்னரை எப்படிப் போடுவது? ஓட்டத்துக்குக் குறுக்காக, சற்று மேல்நோக்கி வீசுங்கள். தண்ணீரில் விழுந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணி அமிழ விட்டுப் பிறகு சுற்றுங்கள். தகடு சுழலும் துடிப்பு தூண்டில் கம்பு வழியே விரலுக்குத் தெரிய வேண்டும், அதற்கு மேல் வேகம் வேண்டாம். ஸ்பின்னர் அந்த நுரைக்கோட்டைக் கடக்கும்போது ஒரு கணம் சுற்றுவதை நிறுத்தி மறுபடி தொடருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ‘டக்’கென்று இழுக்கும். ஒரே இடத்தில் நான்கைந்து வீச்சு, பிறகு இரண்டு மூன்று அடி மேலே நகருங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். நல்ல நாளில் ஆள்கள் செய்யும் பெரிய வீண்வேலை, காரை எடுத்துக்கொண்டு பாலம் பாலமாக ஓடுவது. அரைமணிநேரம் மீன் கடிக்காவிட்டால் அடுத்த இடம், பிறகு அதற்கடுத்த இடம். நாள் முழுக்கக் கார் நிறுத்துமிடங்களிலேயே போய்விடும். தண்ணீர் வெப்பமும் ஓட்டமும் சரியாக இருந்தால் மீன் எங்கோ மேயப்போகிறது என்பது நிச்சயம். ஒரு கிலோமீட்டர் ஆற்றைத் தெரிவு செய்து அதைக் கவனமாகப் பார்த்து முடியுங்கள். மத்தியானம் சும்மா கிடந்த அதே மடு மூன்று மணிக்கு வேறு மடுவாகியிருக்கும்.

பூச்சி கிளம்பும் நேரம்

மழைவிட்ட மாலையில் ஈசல் புற்றிலிருந்து கூட்டமாகக் கிளம்புவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் ஆற்றின் மேலே மேஃப்ளை கிளம்பும். ‘ஹென்ட்ரிக்சன்’ என்று இங்கே எல்லோரும் ஆவலாகக் காத்திருக்கும் பூச்சி ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள், தண்ணீர் 10 முதல் 12 டிகிரியில் இருக்கும் பிற்பகல்களில் வரும். சாம்பல் நிறச் சிறகை நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்று மெல்லிய வால்களோடு, சின்னப் பாய்மரப் படகுகளாக மிதந்து வரும். முதலில் ஒன்றிரண்டு, பிறகு பார்க்கும் இடமெல்லாம். கூடவே தண்ணீரின் மேலே வட்டங்கள் விழத் தொடங்கும். காலையிலிருந்து ஒரு மீனும் இல்லை என்று நினைத்த இடத்தில் ஏழெட்டு மூக்குகள் வரிசையாகத் தெரியும்.

இந்த வேளையில் மீன் ஸ்பின்னரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃப்ளை தூண்டில் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ‘காஸ்டிங் பபிள்’ என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மிதவையை வாங்கி, பாதி தண்ணீர் நிரப்பித் தங்கூசியில் மாட்டுங்கள். அதிலிருந்து ஒன்றரை மீட்டர் மெல்லிய தங்கூசி விட்டு, நுனியில் 12 அல்லது 14 என்ற அளவுள்ள ஹென்ட்ரிக்சன் ட்ரை ஃப்ளை (நீரின் மேல் மிதக்கும் ஃப்ளை) கட்டுங்கள். முள் அளவில் எண் கூடக் கூடச் சிறிது என்று பொருள். மிதவையின் கனம் வீச்சுக்கு உதவும். மீன் எழும்பும் இடத்துக்கு நன்றாக மேலே வீசி, தங்கூசி இழுபடாமல், ஃப்ளை தானாக மிதந்து அதன் தலைக்கு வருமாறு விடுங்கள். பக்கவாட்டில் சிறிது இழுபட்டாலும் அது பூச்சி இல்லை என்று மீனுக்குத் தெரிந்துவிடும். எல்லா வட்டத்துக்கும் மாறிமாறிப் போடாமல், ஒரு மீனைத் தெரிவு செய்து அதற்கே போடுங்கள்.

மே நடுப்பகுதிக்குப் பிறகு கேடிஸ் வரும். அது சிறகைக் கூடாரம் போட்டாற்போல் முதுகில் மடித்து வைத்திருக்கும் பூச்சி. 14 முதல் 18 வரையான அளவுகளில் பழுப்பு நிறத்தில் ஃப்ளை இருந்தால் சமாளிக்கலாம். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, தண்ணீரில் மிதக்கும் ஒரு பூச்சியைக் கைவலையில் அள்ளி, அளவையும் நிறத்தையும் பார்த்து, பெட்டியில் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்ததைக் கட்டுவது சுலபம்.

மாட்டிய பிறகு

மீனைச் சீக்கிரம் கரை சேர்த்துவிடுங்கள். மெல்லிய தங்கூசியில் நீண்ட நேரம் விளையாட்டுக் காட்டுவது மீனைக் களைப்பாக்கும். கைவலையில் எடுத்ததும் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருங்கள். கையை நனைக்காமல் மீனைத் தொட வேண்டாம். அதன் உடலில் உள்ள வழுவழுப்புப் படலம்தான் அதற்குப் பாதுகாப்பு, உலர்ந்த கை அதை உரித்துவிடும். செவுளுக்குள் விரல் விடக் கூடாது. பின்கூர் நசுக்கிய முள் குறடால் ஒரு திருப்பில் வந்துவிடும். முள் ஆழத்தில் போயிருந்தால் இழுக்காமல் தங்கூசியை வெட்டிவிடுங்கள்.

படம் வேண்டுமென்றால் கூட வந்தவர் தொலைபேசியைத் தயாராக வைத்துக்கொண்டு ‘சரி’ என்று சொன்ன பிறகு தூக்குங்கள், சில விநாடிகளில் தண்ணீருக்குள் விடுங்கள். உங்கள் மூச்சை நீங்கள் அடக்கிக்கொண்டு தூக்கினால் எவ்வளவு நேரம் நியாயம் என்று தானாகத் தெரிந்துவிடும். விடும்போது வயிற்றின் கீழே லேசாகத் தாங்கி, தலையை மெதுவான ஓட்டத்தை நோக்கி வையுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். செவுள் சீராகத் திறந்து மூடி, வாலால் உதைத்து அதுவே போகட்டும்.

பத்திரம்

கிராண்ட் ஆற்றில் நீங்கள் நிற்கும் பகுதி அணைக்குக் கீழே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் திறந்துவிடும் அளவு மாறலாம். இறங்கும் முன் கரையோரம் ஒரு கல்லைக் குறித்து வைத்து அடிக்கடி பாருங்கள். அது மூழ்கத் தொடங்கினால் உடனே கரையேறுங்கள். வேடர்ஸின் மேலே இடுப்புப்பட்டியை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தால் உள்ளே தண்ணீர் புகுவதை அது குறைக்கும். கையில் ஒரு கம்பு, முழங்காலுக்கு மேல் வேகமான நீரில் இறங்குவதில்லை என்ற உறுதி. நீச்சல் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். கரையிலிருந்தே நிறையப் பிடிக்கலாம்.

மரங்களில் சிவப்பு வட்டம் வரைந்திருந்தால் அது உள்ளே வரக் கூடாத தனியார் நிலம். மஞ்சள் வட்டம் என்றால் குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டும் அனுமதி. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பிள்ளைகளுக்கு நீங்களே பாருங்கள். லைம் நோய் பரப்பும் கறுங்கால் உண்ணி தென் ஒன்ராறியோவில் இருக்கிறது.

வெயில் ஏறிய பிறகு

ஜூன் கடைசியில் வெப்பமானி மத்தியானத்திலேயே 20ஐக் காட்டத் தொடங்கும். அப்போது அணைக்கு நெருக்கமான பகுதிக்கு விடிகாலையில் போய், காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு வரலாம். அதுவும் வெப்பமானி சம்மதித்தால் மட்டும். கீழ்ப்பகுதிகளை விட்டுவிடுங்கள். சூட்டில் ஊற்றுநீர் கசியும் இடங்களில் ட்ரௌட் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். பிடிப்பது மிகச் சுலபம் என்பதாலேயே அங்கே தூண்டில் போடக் கூடாது. அவை உயிர் பிழைக்க வந்து நிற்கின்றன. ஆசை தீராதவர்களுக்குப் பாஸும் சன்ஃபிஷும் இருக்கின்றன. சூட்டைத் தாங்கும் மீன்கள், பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்.

செப்டம்பரில் இரவுகள் குளிர்ந்ததும் இன்னொரு சிறு வாய்ப்பு திறக்கும். தண்ணீர் மறுபடி 16க்குக் கீழே இறங்கும், பிரௌன் ட்ரௌட் இலையுதிர்கால முட்டையிடலுக்கு முன்னால் நன்றாகச் சாப்பிடும். ஸ்பின்னர்களைத் துடைத்து, துருப்பிடித்த முள்களை மாற்றி, தங்கூசியைப் புதிதாகச் சுற்றி ஆகஸ்ட் கடைசியிலேயே தயாராக இருங்கள். வேடர்ஸையும் காலணியையும் ஒவ்வொரு ஆற்றுக்கும் இடையே நன்றாகக் கழுவி முழுக்கக் காயவைத்துவிடுங்கள். ஒரு ஆற்றின் பாசியும் கிருமியும் இன்னொரு ஆற்றுக்குப் போவது பெரும்பாலும் காலணியின் அடியில்தான்.